கை தூக்கினால் நிறுத்துவோம்

கேஸை அணைத்தேனா என்று பார்க்கப் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுகிற ஆள் சார் நான். பகலில் உதவி இயக்குநர். மாலை வகுப்பில் திரைக்கதை படிக்கிறேன். தினமும் டைரி எழுதுவேன். உங்கள் ஸ்டேஷன் மேஜையில் இருப்பது அதுதான். கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

படம் வேற்றுக்கிரகப் போரைப் பற்றியது. நம் வீரர்கள் அங்கே போய் இறங்கி, அந்த ஊர்க்காரர்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். ஆனால் கதை ஊர்க்காரர்கள் பக்கம். எதிரிக்கும் வலிக்கும் என்று சொல்ல வந்த படம். எனக்குப் பிடித்ததே அதுதான்.

எதிரிகள் நாற்பது பேர். எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பிலிருந்து வந்த கூலியாட்கள். கழுத்துவரை ரப்பர் முகமூடி. உள்ளேயிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது, வெளியே பேசுவதும் உள்ளே புரியாது. அதனால் ஒரு விதி வைத்தேன்: மூச்சு முட்டினால் இரண்டு கையையும் தூக்குங்கள், நான் விசில் ஊதுவேன், எல்லாம் நின்றுவிடும். ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

"வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்கிறியே தம்பி," என்றார் ஒட்டடைக்குச்சி. அந்த நாற்பதில் ஒருவர், செட்டில் வைத்த பெயர். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. "நான் கை தூக்கினா உங்க செட்டுக் கூரை கிழிஞ்சிடும், பாத்துக்க."

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் இயக்குநர் காட்சியை மாற்றினார். எதிரிகள் கை தூக்கிச் சரணடைவார்கள். வீரர்கள் அப்போதும் சுடுவார்கள். "படத்தோட அரசியலே இந்த ஒரு ஷாட்லதான்யா இருக்கு," என்றார்.

உண்மைதான். சைகையை மாற்ற வேண்டுமே என்று எனக்கு உடனே உறைத்தது. தரையில் உட்காரச் சொல்லலாமா, தலையில் தட்டச் சொல்லலாமா? இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்திருக்கிறேன், பாருங்கள். அதற்குள் முகமூடி மாட்டிவிட்டார்கள். கழற்றி மறுபடி மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும். யார் திட்டு வாங்குவது?

நான் பிடித்திருக்கும் கொடியை இறக்கியதும் எல்லோரும் கை தூக்க வேண்டும் என்பது முகமூடி மாட்டும் முன்பே இயக்குநர் சொல்லிவைத்த ஏற்பாடு. கேமரா ஓடியது. கொடி இன்னும் மேலேதான் இருந்தது. ஒட்டடைக்குச்சி மட்டும் கை தூக்கினார்.

அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். விசில் என் பல்லிடுக்கில்தான் இருந்தது. இயக்குநர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருய்யா அது? என்னமா பண்றான்!" என்று கிசுகிசுத்தார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

நான் கொடியை இறக்கினேன்.

மற்ற முப்பத்தொன்பது பேரும் கை தூக்கினார்கள். அவர் கை தனியாகத் தெரியவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன, எல்லோரும் விழுந்தார்கள். ஷாட் முழுசாக வரட்டும் என்று எழுபது வினாடி காத்திருந்தேன். கட் சொன்னதும் முப்பத்தொன்பது பேர் எழுந்தார்கள்.

கவனிக்கவில்லை என்று சொல்லச் சொல்லி கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் கையெழுத்துப் போட மாட்டேன். பார்த்தேன், தெரிந்துதான் இறக்கினேன். எனக்குப் பொய் வராது.

எடிட்டிங்கில் அந்த ஷாட்டை இருபத்திரண்டு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கியது. இரக்கமில்லாதவனுக்கு அப்படிக் கலங்குமா சார்?