மொசலு விழுந்த கெணறு

ரொம்பக் காலம் முந்தி, நம்ம வேலங்காட்டுப்பாளையத்துல நாச்சிமுத்துன்னு ஒருத்தரு இருந்தாராமா. எங்க அப்பாருக்கு அப்பன். ஒரு எடத்துல உக்காந்து சோறு திங்க மாட்டாராமா. வட்டலைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நடந்துக்கிட்டே திம்பாராமா.

ஊரே மாட்டு வண்டி ஓட்டுன காலம். அவரு ஒரு ஓட்டைக் காரை வாங்கி, கூரையை அறுத்து வீசிப்போட்டு, ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி சின்ன வண்டி செஞ்சாராமா. முயலாட்டம் குதிச்சுக் குதிச்சு ஓடுச்சு. ஊருக்காரங்க மொசலுன்னு பேரு வெச்சாங்க. ஓடுச்சு, ஓடுச்சு, வளைவுல கவுந்துபோச்சு.

கூட உக்காந்து வந்த சம்சாரம் மயிலாத்தா முழங்கை ரத்தத்தைத் தொடச்சுக்கிட்டே சொன்னாளாமா: "ஏனுங்க மாமா, இது நெட்டையா நிக்குதுங்க. அதான் சாயுது."

அன்னைக்கே பிரிச்சுட்டாரு. ரெண்டாவது மொசலு தரையோட தரையாப் படுத்துக்கிட்டு ஓடுச்சு. சாயல. ஆனா கனம், மேட்டுல ஏறல. அதையும் பிரிச்சாரு. மூணாவதுக்குத் தகரத்தை மெலிசாத் தட்டி, சக்கரத்தை அகட்டி வெச்சாரு. அது ஓடுச்சு பாருங்க, காத்தாட்டம்.

"இது போதுமுங்க மாமா."

"இன்னுங் கொஞ்சம் புள்ள."

பக்கத்தூரு மில்லுக்காரருகிட்டச் சீமைக் காரு இருந்துச்சு. சந்தையில இருந்து கோயில் வரைக்கும் யாரு முந்தறதுன்னு ஓட்டிப் பாத்தரலாமான்னு அவரு கேட்டாராமா. இவரு மாட்டேன்னா சொல்லுவாரு?

மயிலாத்தாளும் பக்கத்துல ஏறிக்கிட்டா. மொசலு முந்துச்சு. கோபுரம் தெரிஞ்சுது. கடைசி வளைவு திரும்புனா, ரோட்டு நடுவுல ஆட்டோட நிக்கறா தொப்பாயிக் கெழவி. காது கேக்காது.

ஸ்டீரிங்கை ஒடிச்சாரு. வண்டி கெழவி மேல படாம சோளக்காட்டுல பாஞ்சு, வரப்புல எகிறி, ரெண்டு பேரையும் கதிருக்குள்ள வீசிட்டு, தான் மட்டும் போயிக் கெணத்துல விழுந்துச்சாமா.

பின்னால வந்த மில்லுக்காரரு காரை நிறுத்திட்டு ஓடியாந்தாரு. "நாச்சிமுத்து, நீங்கதான் முன்னால போனீங்க. இத்தன வருசத்துப் பாடு தண்ணிக்குள்ள போயிருச்சே."

இவரு காலை நொண்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "ஒடிச்ச பக்கம் திரும்பணும்னுதானுங்க இத்தன தடவை பிரிச்சேன். திரும்பிருச்சு."

மறுநாளே நாலாவதுக்குத் தகரம் தட்ட ஆரம்பிச்சுட்டாராமா.

அதுதானுங்க மொசக்கெணறு. வெளியூருக்காரங்க முயலு விழுந்த கெணறுன்னு நெனைப்பாங்க. இன்னைக்கும் இங்க யாரு புது வண்டி வாங்குனாலும் அந்தக் கெணத்து மேட்டுல நிறுத்தி, ஸ்டீரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாத்துட்டு, முன் சக்கரத்துல தண்ணி ஊத்துவாங்க. அந்தத் தண்ணியைச் சேந்திக் குடுக்கற உரிமை தொப்பாயி வம்சத்துக்கு மட்டுந்தான்.