எரியாத சொட்டு மருந்து

போர்த்தோவில் அக்டோபர் மாத வெயில் சந்துகளுக்குள் இறங்கப் பத்து மணி ஆகிவிடும். அதனால் நாங்கள் காலை உணவை அவசரமில்லாமல் சாப்பிட்டோம். தோனா இதலினாவின் விடுதியில் ரொட்டி சூடாக இருக்கும். வெண்ணெயைத் தாராளமாக வைப்பாள். காப்பியில் மட்டும் கொஞ்சம் கருகின வாசம் அடிக்கும். என் கணவர் அன்செல்மோ அதைக் குறை சொல்லவில்லை. கேமரா கழுத்தில் தொங்கும் நாட்களில் அவர் எதையும் குறை சொல்வதில்லை.

நீங்கள் படிக்கட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

என் கணவர் எவோரா நகராட்சியில் நில அளவையாளராக இருந்தவர். ஒரு சுவர் நேராக இருக்கிறதா, ஒரு விரற்கடை சாய்ந்திருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடுதான் படமும் எடுத்தார். கல்யாணமான வருடத்திலிருந்து எங்கள் விடுமுறை என்றாலே ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் போய், பழைய கட்டடங்களின் முன்னால் வெளிச்சத்துக்காகக் காத்து நிற்பதுதான். கோயிம்பிராவில் ஒரு வாசற்கதவுக்காக மூன்று மணி நேரம் நின்றோம். நான் கேமராவை நிறுத்தும் முக்காலியைச் சுமப்பேன், குடை பிடிப்பேன், சாண்ட்விச் கட்டி எடுத்து வருவேன். அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தள்ளி நில்லு, லுசீலியா. உன் நிழல் விழுது."

அவர் படங்களில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். கல்லைப் பார்க்க விடாமல் மனித முகம் கண்ணை இழுத்துவிடும் என்பார். எங்கள் வீட்டுச் சுவர்களில் அறுபதுக்கு மேல் படங்கள் மாட்டியிருக்கின்றன. இருபத்தாறு வருடங்கள். ஒன்றிலும் நான் இல்லை. இதை நான் புகாராகச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது, போர்த்தோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய கடிதங்களை நான் பிரிப்பதில்லை. உறை ஏற்கெனவே பிரிந்து மேசைமேல் கிடந்தது. தோனா இதலினா எழுதியிருந்தாள்: ஆற்றைப் பார்த்த அறையை ஒரு வருடத்துக்கு அவருக்காக வைத்திருப்பதாகவும், ஒற்றைக் கட்டில் போதும் என்று அவர் சொன்னபடியே போட்டுவிட்டதாகவும். இந்த ஊரின் பழைய கதவுகளை எல்லாம் படம் எடுத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. நான் கேட்டபோது ஒளிக்கவில்லை. "ஒரு வருஷம்தானே. உனக்கும் ஒரு ஓய்வு," என்றார். அன்பாகத்தான் சொன்னார். பிறகு தேநீர் கேட்டார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கண்ணழுத்த நோய் என்று தெரிந்தது. பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர். இந்த நோய் பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வரும். வலிக்காது. போனது திரும்பாது. ஆனால் தினமும் ஒரு சொட்டு மருந்து விட்டால் அப்படியே நின்றுவிடும், எண்பது வயது வரை தாராளமாகப் படம் எடுக்கலாம் என்றார். அன்செல்மோவுக்குத் தன் கண்ணில் தானே மருந்து விட வராது. இமையை மூடிக்கொள்வார், மருந்து கன்னத்தில் வழியும். நான் பத்தொன்பது வருடம் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். என் கை நடுங்காது. ஆகவே மாலை ஆறு மணிக்கு அவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து மருந்து விடுவது என் வேலையானது. அந்த ஒரு நிமிடம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலே பார்க்கச் சொன்னால் மேலே நான்தானே இருப்பேன்.

முதல் வாரம் நடந்தது உண்மையிலேயே தவறு. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குக் கண் வறட்சி உண்டு, அதற்கு வெறும் கண்ணீர்ச் சொட்டு வைத்திருப்பேன். இரண்டு குப்பிகளும் ஒரே அளவு. ஆறு நாட்கள் அவருக்கு என்னுடையதை விட்டிருக்கிறேன். ஏழாம் நாள்தான் கவனித்தேன். பயந்துபோனேன். சொல்லிவிடலாம் என்று கூடத்துக்குப் போனேன். அன்று பகலில் சந்தைக்குப் போன வழியில் அவர் நடைபாதை விளிம்பில் தடுக்கி, என் கையைப் பிடித்திருந்தார். பிடித்த கையை வீடு வரை விடவில்லை. கூடத்தில் அவர் என்னைப் பார்த்து, "நல்லவேளை, நீ பக்கத்துல இருந்த," என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

அதன் பிறகு நடந்தது தவறில்லை. தெரிந்துதான் செய்தேன்.

புதுக் குப்பி வாங்கி வருவேன், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு என்னுடையதை நிரப்புவேன். மூன்று நிமிட வேலை. வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அழுத்தம் குறையவே இல்லையே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். சிலருக்கு ஒரு மருந்து கேட்காது என்று சொல்லி இரண்டாவதையும் எழுதினார். இரண்டாவது குப்பியிலும் அதையே செய்தேன். அறுவை சிகிச்சை பற்றி அவர் பேச்செடுத்த நாள், வீட்டுக்கு வந்ததும் அன்செல்மோவிடம் என் அத்தை மகனுக்குக் கத்தி பட்டுக் கண் போன கதையைச் சொன்னேன். அப்படி ஓர் அத்தை மகன் எனக்குக் கிடையாது. இங்கே உங்கள் கண் மருத்துவர், இந்த மனிதருக்கு இத்தனை வருடமும் மருந்தே போடாத மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது சரி. கெட்டிக்காரர்.

அவர் போர்த்தோவுக்குத் தனியாகப் போகவில்லை. அறை வேண்டாம் என்று எழுதச் சொன்னார், எழுதியதும் நான்தான். அந்த வருடங்களில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எவோராவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். கைகோத்துத்தான் நடப்போம். ரொட்டிக் கடைக்காரி, "புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி இருக்கீங்களே," என்று கிண்டல் செய்வாள். செய்தித்தாளை நான் வாசிப்பேன், அவர் கேட்பார். அதுவரை என் குரலை அவர் அவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.

இந்த அக்டோபரில் போர்த்தோ வரலாம் என்றது அவர்தான். நடுவில் ஒரு வட்டம் மட்டும் இன்னும் தெரிகிறது, அது மூடுவதற்குள் ஆற்றைப் படம் எடுத்துவிட வேண்டும் என்றார். நான் மறுக்கவில்லை. தோனா இதலினா அதே அறையைத் தந்தாள், இரட்டைக் கட்டில் போட்டு.

மூன்று நாட்கள் மிக நன்றாகப் போயின. பனி ஆற்றைவிட்டு எழும்பும்போது இரும்புப் பாலத்தின் மேல்தட்டில் நின்றோம். எதிர்க்கரையில் மது பீப்பாய்ப் படகுகள் எங்கே நிற்கின்றன, மேகம் எந்தப் பக்கம் விலகுகிறது, எல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் கேமராவைத் திருப்பினார். ரயில் நிலையத்துச் சுவரில் பதித்த நீல ஓடுகளை எடுத்தோம். ஜன்னலில் காயும் துணிகளை எடுத்தோம். மத்தியானம் சார்டின் மீன் சுட்டுத் தரும் கடையில் முள்ளை நான் எடுத்துக் கொடுத்தேன்.

எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். நடு சரியாக இருக்கும். ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டி, யாரோ ஒருவரின் பாதித் தோள், அவருடைய கட்டைவிரல். அவருக்குத் தெரியாது. எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். அழகாக வந்திருக்கிறது என்றேன்.

பேராலயத்து முற்றத்தில் எடுத்த படம் ஒன்றில், இடது ஓரத்தில், நான் இருந்தேன். தற்செயலாக நின்றிருக்கிறேன். பழுப்புக் கோட்டு, கையில் முக்காலிப் பை. வெயில் என் முகத்தில் விழுந்திருந்தது. வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். சில படங்களில் லேசாகச் சிரிக்கவும் செய்தேன். மொத்தம் நாற்பத்தொரு படங்கள். என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் இந்த மூன்றைத்தான் சொல்லுவேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் தலைமுடி வெட்டிக்கொள்ளப் போனேன். அதைத்தான் செய்திருக்கக் கூடாது. அறையைச் சுத்தம் செய்தபோது குப்பி விழுந்து உடைந்துவிட்டது என்று தோனா இதலினா பதறிப்போய், அவரையே மருந்துக் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். மருந்துச் சீட்டு அவர் கைபேசியில் இருந்தது. கடைப்பெண்ணே ஒரு சொட்டு விட்டும் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்களும் சிவந்திருந்தன.

"லுசீலியா, இது எரியுது," என்றார்.

"கம்பெனி மாறியிருக்கும்," என்றேன்.

"அதையும் கேட்டேன். அதே கம்பெனிதானாம். எல்லாருக்கும் எரியுமாம், மொத நாள்லேர்ந்தே. நாலு வருஷமா உங்களுக்கு எரியலயான்னு அந்தப் பொண்ணு சிரிக்குது."

நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். இரவு உணவின்போது முட்டைக்கோஸ் சூப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

மறுநாள் காலை, நீங்கள் கேட்கிற அந்த நாள், கீழே ஆற்றங்கரைக்குப் போகும் படிக்கட்டிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். பேராலயத்தின் பின்னால் இறங்குகிற குறுகலான படிக்கட்டு, உங்களுக்குத் தெரியும், கைப்பிடி இல்லாதது. பாதி தூரம் இறங்கினோம். ஒரு வளைவில் நின்று இரண்டு படம் எடுத்தார். கேமராவைக் கீழே இறக்கினார். என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"எத்தன நாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"நாலு வருஷம். மார்ச் வந்தா அஞ்சு."

"ரெண்டு மருந்துமா?"

"ரெண்டும்தான்."

கீழே யாரோ பாய் உதறும் சத்தம் கேட்டது. அவர் சுவரில் கை வைத்துக்கொண்டார். "நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமே பண்ணல, அன்செல்மோ."

அவருக்குப் புரியவில்லை. எனவே படங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். இப்போது எடுத்த ஒவ்வொன்றிலும் நான் இருக்கிறேன், நாற்பத்தொன்று, கோட்டின் நிறம்கூடக் கல்லோடு பொருந்துகிறது என்று சொன்னேன். அவர் கழுத்துப் பட்டையைத் தடவிக் கழற்றினார். அப்புறம் கேமராவை என் பக்கம் நீட்டினார்.

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிடு. கெட்டுப்போன படம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஒரு சுவர் சாய்ந்திருக்கிறது என்று சொல்வாரே, அந்தக் குரல்.

பிறகு, தன்னைக் கீழே சாலை வரை கொண்டு விட்டால் போதும் என்றார். அங்கிருந்து டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்க்கொள்வாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, இன்ஸ்பெக்டர். தனியாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே என் கையைத்தான் பிடித்தார். வேறு எதைப் பிடிப்பார்? ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே இறக்கினேன். படி, படி, ஒரு சின்ன மேடை, மறுபடியும் படி. அவர் கால் என் குரலை நம்பியது. நாலரை வருடப் பழக்கம், ஒரு காலையில் போய்விடாது.

இரண்டாவது மேடைக்கு வந்ததும், "படி முடிஞ்சிடுச்சு, இனிமே சமதரைதான்," என்றேன். அவர் உடனே என் கையை விட்டார். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. நிமிர்ந்து, வேகமாக, அந்தக் காலத்தில் நிலம் அளக்கப் போகும்போது நடப்பாரே, அப்படி இரண்டு எட்டு வைத்தார்.

இன்னும் பதினொரு படிகள் இருந்தன. எனக்குத் தெரியும். முந்தின நாட்களில் அதில் ஏறி வந்தபோதே எண்ணி வைத்திருந்தேன், அது என் வழக்கம்.

நான் அவரைத் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று படி சறுக்குவார், முழங்கால் சிராய்க்கும், உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இடுப்பெலும்பும் மண்டையும் போகும் என்று நினைக்கவில்லை. மற்றபடி நடந்தது எல்லாம் நான் செய்ததுதான். எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர் அறை வாசலில் ஒரு காவலரை நிறுத்தியிருக்கிறீர்கள். அவரே கேட்டுக்கொண்டார் என்று சொல்கிறார்கள். மயக்க மருந்தில் இருக்கிறவர் ஏதாவது சொல்லியிருப்பார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் அங்கே இருக்கும் ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னாள்: கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதுமாம், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "யாரு, யாரு அது?" என்று கேட்கிறாராம். ஒவ்வொரு தடவையும்.

பாவம், என்னைத்தான் தேடுகிறார்.