நகத்தடியில் நின்ற கறுப்புக் கோடு

மலையேறி வந்து மருந்தளித்த மாண்பே! ரப்பர்க் காட்டில் முப்பத்தோராண்டு எங்கள் நலம் காத்த நேயமே! தோட்ட மருந்தகத்தின் செவிலியரே, டெல்சி சிஸ்டரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பாம்புக்கடிக்கும் கைகொடுத்த தங்கள் கனிவைக் காலமெல்லாம் பேசலாம். ஆனால் தாங்கள் சொன்னதை நாங்கள் கேட்காமல் போனதைச் சொல்லாமல் வெறும் புகழ்ச்சியை வாசிக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

வருகிற ஒவ்வொருவரிடமும், "உள்ளங்காலக் காட்டு மக்கா, நகத்தக் காட்டு" என்று தாங்கள் கேட்டபோது கேலி செய்தோம். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கு வருவது, கறுத்த நமக்கென்ன என்று இறுமாந்திருந்தோம். நம்மைப் போன்றோர்க்கு அது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்கூட வரும் என்று தாங்கள் சொன்னது, ஐயோ, எங்கள் காதில் ஏறவே இல்லை!

ரப்பர் பால் எடை போடும் முத்துநாயகத்தின் கைப் பெருவிரல் நகத்தில் அந்தக் கறுப்புக் கோட்டைக் கண்டவர் தாங்கள். ரப்பர் பால் காய்ந்து கறுத்த கறை எங்கள் எல்லார் கையிலும் உண்டு. "ஏலே, அது பால்கறையாக்கும். மண்ணெண்ண போட்டுத் தேயி" என்று அவருக்கு வைத்தியம் சொன்னவர்கள் நாங்கள். தாங்கள் விடவில்லை. "கறைன்னா நகம் வளரும்போ கூடவே வளந்து போவும். இது நின்ன இடத்துல நின்னு அகலமாவுது. பெரிய ஆஸ்பத்திரியில சதையெடுத்துப் பாக்கணும், போங்க" என்று வாசல் வரை வந்து கெஞ்சினீர்கள். அவர் எங்கள் பேச்சைக் கேட்டுப் பதினோரு மாதம் தேய்த்தார். கோடு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கிய பிறகே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். விரலை எடுத்தும் நோய் நிற்கவில்லை; அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றித் தங்கள் முன் வரிசையில் நின்றோம். பால்வெட்டும் ஜெப்சனின் குதிகாலில் மிளகளவு கறுப்பைக் கண்டு அன்றைக்கே அனுப்பிவைத்தீர்கள். சிறிதாக இருக்கையிலேயே வெட்டியெடுத்துவிட்டார்கள். இதோ, மனைவியோடு முன்வரிசையில் இருக்கிறார். அவரைப் பார்த்தால் மகிழ்ச்சியும் வருகிறது, முத்துநாயகத்தின் நினைவும் வருகிறது.

அன்றைக்கே சொன்னேனே என்று தாங்கள் ஒருநாளும் எங்களைக் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

நோய்நொடியின்றி, நிம்மதியாய் நெடுநாள் வாழ்க, தாயே!

இந்த மேடையில் விடைபெறுவோர்க்கெல்லாம் பாராட்டு மடல் எழுதி, மணிக்குரலில் வாசித்து வந்தவர் முத்துநாயகம்தான். தங்களுக்கும் அவர்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதிப் பழக்கமில்லாத நாங்கள் எழுதியிருக்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தோட்டத் தொழிலாளரும் அலுவலகத்தாரும்