ஐம்பத்தொன்பது நிமிடம், நாற்பத்தொரு விநாடி

வாட்ச் வாங்கப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, அவசரப்படாதீர்கள் என்பதுதான். நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. எதிரே ஒருவர் கடைசி வரியைப் படிக்கத் திணறிக்கொண்டிருப்பார்; நான் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, ரன்னிங் வாட்ச்சா ஸ்மார்ட் வாட்ச்சா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். வயது ஐம்பத்திரண்டு. எனக்கு முன்னால் என் தொப்பை ஓடும். பத்து கிலோமீட்டரை அதுவரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்ததே இல்லை. உனக்கெல்லாம் எதற்கு இந்த ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம் ஐயா. என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை கணவர், அந்த ரகமில்லை. கடைக்குள் போனார், முதலில் கண்ணில் பட்ட ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு லேசாக நெஞ்சுப் படபடப்பு இருந்ததால் டாக்டர்தான் வாங்கச் சொன்னார். அது போன் பேசும், பாட்டுப் போடும், ஆள் விழுந்து கிடந்தால் வீட்டாருக்குச் செய்தியும் அனுப்பும். தங்கை நீச்சல் சொல்லித் தருகிறவள். காலையில் அவள் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்.

"அண்ணே, நீங்கதானே அவர்கூட ஓடுறீங்க. உங்க நம்பரையே போட்டுட்டேன்" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் வாங்கியது ஓடுகிறவர்களுக்கென்றே செய்த வாட்ச். ஒவ்வொரு விநாடியும் வேகத்தையும் நாடித்துடிப்பையும் குறித்து வைக்கும். ஓட்டத்துக்கு நடுவே தொந்தரவே செய்யாது என்று மாப்பிள்ளையிடம் பீற்றிக்கொண்டேன். அது புளுகு. போனுக்கு வரும் செய்தி அதிலும் வரும். வேண்டாமென்றால் நிறுத்தி வைக்கலாம். நான் நிறுத்தவில்லை. யாராவது என்னைத் தேட மாட்டார்களா என்ற நப்பாசை.

"மச்சான், ஓடுறதுக்கு வாட்ச் வேணாம், காலு வேணும்" என்பார், ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் காதிலெல்லாம் விழும்படி. ஒன்பது வருடம் அவர் முதுகைப் பார்த்தபடிதான் ஓடினேன். ஒருமுறை அவர் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு போனால், ஆள் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கையைத் தரையில் ஓங்கி அடித்துச் சோதித்தாராம்.

"இன்னைக்குத்தான் மச்சான் நீங்க நிஜமா ஓடியிருக்கீங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

பிறகு ஒருநாள், ஏரியின் இரண்டாவது சுற்றில், ஆறரை கிலோமீட்டரில், வாழ்க்கையில் முதல்முறையாக அவரைத் தாண்டினேன். ஒரு கையால் மரத்தைப் பிடித்திருந்தார். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

"நீங்க போங்க மச்சான், மூச்சு வாங்குது" என்றார்.

போங்க என்றுதானே சொன்னார். போனேன்.

ஏழாவது கிலோமீட்டரில் மணிக்கட்டு அதிர்ந்தது. இரண்டே வரி. விழுந்துவிட்டார், அசைவில்லை. திரும்பி ஓடினால் என் வேகத்துக்கே மூன்று நிமிடம். திரையின் மேல் மூலையில் இன்னொரு கணக்கும் இருந்தது. இதே வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். பழையபடி விளையாடுகிறார், நான் தாண்டிவிட்டது பொறுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடித்ததும் முதலில் வாட்ச்சை நிறுத்தினேன். திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு அவரைத் தேடிப் போனேன், நடந்துதான். கால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மரத்தடியிலேயே கிடந்தார்.

கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னபோது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்கண்ணே, வேர்வையில எழுத்து தெரியலன்னா" என்றாள். அது நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம். எழுத்து தெரியவில்லை என்று தினமும் இருபது பேர் என்னிடம் சொல்வதால் சரளமாக வந்துவிட்டது. அவள் நம்பியதுதான் எனக்கு வலிக்கிறது.

இப்போது என் வாட்ச்சில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் வைத்திருக்கிறீர்கள். நல்ல வாட்ச் ஐயா, நான்கு மாதம் வீண் போகவில்லை. செய்தி வந்த பிறகு என் வேகம் குறையவில்லை, கூடியிருக்கிறது. துடிப்பும் தடுமாறவில்லை. என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. இரண்டு வரியையும் படித்தேன். விளையாட்டில்லை என்பதும் தெரியும்; மரத்தடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன். சாகட்டும் என்றே ஓடினேன்.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வழக்கு முடிந்ததும் வாட்ச்சைத் தங்கையிடம் கொடுப்பதானால் கொடுங்கள். அந்த ஓட்டத்தை மட்டும் யாரும் அழித்துவிட வேண்டாம். இந்த வயதில் இன்னொருமுறை என்னால் முடியாது.