வெயிலில் வெந்த சோறு

— அந்தத் தராச வெளியிலேயே வச்சிட்டு உள்ள வா, மருமகளே.

— ஏன் மாமா, கடிக்குமா?

— தராசோட வந்த எவனும் இந்த லயத்து வீட்டுச் சனத்துக்கு நல்லது செஞ்சதில்ல. தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவன் சாக்குக்குக் கழிப்பான், ஈரத்துக்குக் கழிப்பான், மழை பேஞ்சா மேகத்தையும் சேத்துக் கழிப்பான். ஒன்ன யாரு அனுப்புனது சுபாஜினி?

— யாரும் அனுப்பல. நான் ஒங்க தங்கச்சி மக.

— அதனாலதான் தேத்தண்ணி. வேற ஆளா இருந்தா நாய அவுத்து விட்டிருப்பேன்.

— ஒங்ககிட்ட நாயே இல்லியே, சின்னராசா மாமா.

— அது ஒனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல என்னென்ன இருக்குன்னு கணக்கெடுத்துட்டியா?

— விறகு மட்டுந்தான் கணக்கு. போன வாரமே சொன்னேன்ல. வெளிநாட்டுல மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுறேன். எரிசக்தி, சுற்றாடல் கொள்கைன்னு ஒரு படிப்பு. லயத்து அடுப்பு எவ்வளவு விறகு தின்னுதுன்னு நானே அளந்து ஒரு கட்டுரை வைக்கணும். நாளைக்குக் கடைசி நாள்.

— பொகையப் பத்திப் படிக்கப் பிளேன் ஏறிப் போறியா? வாசப்படியில குந்துனா இங்கயே சும்மா கெடைக்குமே.

— வெளையாடாதீங்க மாமா.

— நான் எங்க வெளையாடுறேன்? ஃபெக்டரி அடுப்புக்குக் காலமெல்லாம் வெறகு போட்டவன் நான். ஒரு அடமழையில வெறகெல்லாம் நனைஞ்சு, தீயே எந்திரிச்சு வந்து எங்கிட்ட லீவு கேட்டிச்சு. சாமி சத்தியம். சரி, போன வாரந்தான் நிறுத்துப் பாத்தியே, மறுபடியும் எதுக்கு?

— லயம் பூராவும் சேத்து ஒரு கட்டு விறகுதான் இருந்திச்சு.

— சிக்கனமான சனம்.

— ஒங்க வீட்டுல ஒரு குச்சிகூட இல்ல. எப்படி ஆக்குறீங்கன்னு கேட்டா, வெயில்ல அரிசிய வச்சா வெந்துரும்னு சொன்னீங்க.

— சாமி சத்தியமா வெந்திச்சு. ஒங்க படிப்புல அதுக்குச் சூரிய சக்தின்னு பேரு.

— பூனாகலை மலையிலயா? மத்தியானத்துலயே கைய நீட்டுனா வெரல் தெரியாது.

— அதான் சோறு கொஞ்சம் சுணங்கி வேகும்.

— அப்ப ஒங்க கூரைக்கு மேல போறது என்ன?

— பனி.

— பனி கருவாட்டு வாசமா அடிக்குது?

— மட்டக்களப்புக் கடல்லேருந்து ஏறி வர்ற பனி.

— மாமா, கட்டிலுக்கடியில சாக்குப் போட்டு மூடியிருக்கே, அது என்ன?

— ஒங்க அத்தையோட சாமான்.

— தேயிலைச் செடியில வெட்டுன மிலாறுக் குச்சி. செடிகளக் கவ்வாத்து வெட்டுனப்ப லயமே தலச்சுமையா தூக்கிட்டு வந்திச்சு. நானும்தான் தூக்கினேன்.

— மெதுவாப் பேசு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு.

— ஏன் ஒளிச்சீங்க?

— கேட்டுக்க. வெட்டுன மிலாற லயத்துச் சனம் அடுப்புக்குத் தூக்கிக்கிறது பாட்டன் காலத்து வழக்கம். எழுத்துல ஒண்ணும் கெடையாது. இவ்வளவு எரிக்கிறாங்கன்னு ஒரு நம்பர் தோட்டத்து மேனேஜர் தொரை கைக்குப் போனா, பாதி போதும்பாரு. அப்புறம் கால்வாசி. போன வாரம் நீ தராசோட படியேறும்போதே வீடு வீடா ஓடி ஒளிக்கச் சொல்லிட்டேன். கோயில்ல மேளம் வைக்கிற ரூம்பு கூரை முட்ட நெறைஞ்சு, எடமில்லாம மாரியாத்தா வெளிய வந்து நிக்கிறா.

— இதுல பெருமை வேற!

— ஏன், படிப்புக்குக் கேடா?

— நான் பாத்ததைத்தான் எழுதினேன். நெருப்பே மூட்டாம ஒரு லயம் சீவிக்குதுன்னு எந்தப் பேராசிரியர் நம்புவாரு? குப்பையில போட்டுருவாங்க. இன்னிக்கே சரியா நிறுத்து, மாத்தி எழுதி, பண்டாரவளைக்குப் போய் அனுப்பணும்.

— தூக்கி நிறுத்துக்க. மருமக படிப்பக் கெடுத்தவன்னு பேரு வேணாம். ஆனா, தொரைக்குப் போகாதுன்னு சத்தியம் பண்ணு.

— மொதல்ல நிறுப்போம் மாமா.

— சத்தியத்தத் தாண்டிப் போறியே. என்னத்த ஒளிக்கிற?

— ஒண்ணுமில்ல.

— மூஞ்சியப் பாத்துச் சொல்லு. போன வாரம் எழுதுனத யாராவது வாசிச்சாங்களா?

— ஒருத்தர்.

— யாரு?

— விண்ணப்பத்துக்கு ஒரு பெரிய ஆளு நற்சான்று எழுதிக் குடுக்கணும் மாமா. தோட்டத்து ஆபீசுல வேல பாத்தேன்ல, அதான் தொரைகிட்டக் கேட்டேன். கட்டுரையக் காட்டு, எழுதித் தர்றேன்னாரு.

— காட்டிட்டியா?

— நேத்து.

— அடிப்பாவி! பாத்தியா, இதுக்குத்தான் ஒளிக்கச் சொன்னேன். ஒரு குச்சி அவரு கண்ணுல பட்டிச்சா? லயத்தையே காப்பாத்திட்டேன். இப்பச் சொல்லு, மாமன் கெட்டிக்காரனா இல்லியா?

— ரொம்ப சந்தோஷமா வாசிச்சாரு மாமா. விறகே எரிக்காத சனத்துக்கு மிலாறு எதுக்கு, அடுத்த கவ்வாத்துலேருந்து ஒரு குச்சி விடாம ஃபெக்டரிக்கு ஏத்துங்கன்னு எனக்கு முன்னாலேயே கணக்கப்பிள்ளைக்குச் சொல்லிட்டாரு.