கடைசி பெஞ்சுக்கும் கேட்ட குரலுக்கு

முப்பத்தைந்து ஆண்டுகள் முரசாக முழங்கிய முதன்மைத் தமிழே! தகரக் கூரையில் மழை கொட்டியபோதும் தாழாத தகைமையே! மைக்கையும் மணியையும் வேலையற்றவையாக்கிய வெண்கலத் தொண்டையே! ஏழாம் வகுப்பை ஏறு போல் ஆண்ட எங்கள் தங்கம்மா டீச்சரே! வணக்கம். பதில் வணக்கம் வேண்டாம். கை கூப்பினால் போதும்.

சபையோர் அறியவேண்டி நடந்ததைச் சொல்கிறோம்.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கலையே!" என்று அதட்டாமல் டீச்சர் ஒரு பாடமும் நடத்தியதில்லை. பொங்கல் முடிந்ததும் அந்தக் குரல் கரகரத்தது. மிளகு தோற்றது, பனங்கற்கண்டு தோற்றது. டீச்சர் மட்டும் தோற்காமல் மேலும் ஒரு மாதம் கத்தினார்; கத்தக் கத்தக் காற்றுதான் வந்தது.

போர்ட் பிளேயர் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் ஒரு தடிப்பு என்றார். "பேசவே கூடாது மேடம். பில்குல் சுப்!"

டீச்சர் கீழ்ப்படிந்தார். அதாவது, கிசுகிசுத்தார். பாடம் கிசுகிசுப்பில் நடந்தது. மிரண்ட பிள்ளைகள் செய்யுளைக் கிசுகிசுப்பிலேயே ஒப்பித்தார்கள். தலைமையாசிரியர் குருநாதன் கிசுகிசுப்பிலேயே கோபப்பட்டார். மகத்தான சேவை செய்வதாக எல்லோரும் பூரித்திருந்தோம்.

மறுமுறை பார்த்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "கிசுகிசுத்தாலும் தொண்டை இறுகும் மேடம்! அது ஓய்வுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பள்ளியே கூடிச் செய்த பிழை. தடிப்பிலிருந்து கிள்ளிய துணுக்கு, அது கெட்டதா இல்லையா என்று பார்க்க மெயின்லேண்டுக்குப் போயிருக்கிறது. முடிவு வரும் செவ்வாய்க்கிழமை.

அதன்பின் டீச்சர் வாயே திறக்கவில்லை. கணவர் நல்லதம்பி முதல்நாள், "கல்யாணமாகி இப்பத்தான் ஒரு பேச்ச முழுசா முடிச்சிருக்கேன்" என்று சிரித்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "கொழம்புல உப்பு கூடிருச்சுன்னு வேணும்னேதான் சொல்றேன். மொறைச்சாவது பாரு புள்ள" என்றார்.

டீச்சர் முறைக்கவில்லை. எச்சிலை விழுங்கி, அது நேற்றுப்போல் இறங்குகிறதா, இன்று கொஞ்சம் அதிகமாகத் தடுக்குகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்ததாக எங்களுக்குப் பிறகு எழுதிக் காட்டினார்.

தாயே! இந்தப் பாராட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் தங்கள் ஏற்புரையை அடித்துவிட்டோம். மைக் வயர் ப்யூன் கணபதியின் பைக்குள் இருக்கிறது. கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி இம்மடலைக் கத்தியே வாசிக்கிறோம். தாங்கள் வாய் திறக்க ஒரு காரணமும் மிஞ்சக்கூடாது.

எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இதை அணிநயத்தோடு சொல்லத் தாங்கள் கற்றுத்தரவில்லை.

செவ்வாய் நல்லதாகவே விடியட்டும்! நோயின்றி, நூறாண்டு, நிறைந்த குரலோடு வாழ்க! டாக்டர் சரியென்று சொல்லும் நாளில் இதே மேடையில் இதே மடலை முணுமுணுவென்று மறுபடி வாசிப்போம். தாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த அதட்டலுக்காகக் காத்திருக்கும்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
ரங்கத்.