முதல் எழுத்துக்கு இடம் விட்ட மடல்

இலைநோய் ஆய்வுக்கூடத்தின் இணையற்ற தலைவியே! கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் கணக்காய் முகவரி எழுதிய மேதையே! எழுத்தெண்ணிப் படித்தவர் என்று ஊரார் சும்மா சொல்லும் சொல்லை, உண்மையிலேயே எழுத்தெண்ணிக் காட்டிய எங்கள் அக்காவே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்தக் கையுறைகளைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறோம். கழற்றியவற்றைக் குப்பைக்கூடையில்தான் போட்டோம், மேசைமேல் வைக்கவில்லை. முறைக்க வேண்டாம்.

செடிகளை வாட்டும் வைரஸ்களின் மரபுச்செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. இழை, வெறும் விரல் பட்டாலே சிதைந்துபோகும் மென்மையுடையது. அதைச் சிதையாமல் பிரித்து, எழுத்தெழுத்தாய் வாசித்து, எந்த மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டியவை தங்கள் கைகள். சிறப்பு விருந்தினர் கைகுலுக்க வந்தபோது, "ஐயா கோவிச்சுக்காதீங்க, உள்ள ஆர்.என்.ஏ. காத்துக்கிட்டிருக்கு" என்று முழங்கையை நீட்டினீர்களே! அந்தப் புகைப்படம் இன்றும் வரவேற்பறையில் தொங்குகிறது.

மஞ்சள் கோடு விழுந்த அந்தப் பூண்டு இலையை யார்தான் மறப்பார்? நாம் செல்லமாய்க் 'கணினியார்' என்றழைக்கும் நம் சகா, வாசித்த துண்டுகளையெல்லாம் கணினியில் கோத்து, உலகம் காணாத நீண்ட மரபுத்தொகுதி ஒன்றைக் கண்டுவிட்டதாய்க் கூவினார். நாங்கள் கேக்கே வாங்கிவிட்டோம். தாங்களோ கேக்கைப் பார்க்கவில்லை, கணினி வரைந்த மரபணுப் படத்தைப் பார்த்தீர்கள். "வைரஸோட மேலுறையைச் செய்யற மரபணு, இழையோட வாலுக்குப் பக்கத்துலதானே இருக்கணும்? இது ஏன் நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு?" என்றீர்கள். புதிய இலை பறித்து, துண்டுகள் ஒட்டியதாய்க் கணினி காட்டிய இடத்தைச் சோதித்தீர்கள். அங்கே ஒட்டே இல்லை! ஒரே இலையில் குடியிருந்த இரண்டு வைரஸ்களைக் கணினி ஒன்றாய்த் தைத்து வைத்திருந்தது. தலைகுனிந்து நின்ற கணினியாரிடம், "ஒண்ணுன்னு நெனச்சோம், ரெண்டு இருக்கு. இதுல என்ன நஷ்டம்? கேக்கை வெட்டுங்க" என்றீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு எந்த அடைமொழியைத் தேடுவோம்!

அவ்விரண்டில் ஒன்று பழையது. மற்றொன்று மெய்யாகவே புதியது, தங்கள் செல்லப்பிள்ளை. அதன் நடுவும் வாலும் வசமாயின. தலைப்பகுதி மட்டும் பிடிகொடுக்கவில்லை. வாலிலிருந்து படியெடுத்து வரும் நொதி, தலையைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் களைத்து உதிர்ந்தது. ஊகித்து எழுதிவிடலாம் என்று நாங்கள் மெல்லச் சொன்னதற்குத் தாங்கள் தந்த விடை எங்களுக்கு வேதம்: "தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. நாம தப்பா எழுதினா வைரஸ் வந்து திருத்தவா போகுது? நம்பிப் படிக்கிறவங்கதான் கெடுவாங்க." மும்முறை வாசித்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் எழுத்து, இல்லையேல் வெற்றுக்கட்டம். இதுவே தாங்கள் வகுத்த சட்டம்.

சென்ற வாரம் மேசையை ஒழித்துவிட்டு அந்த இலை மாதிரியைக் குளிரில் வைத்திருக்கும் உறைபெட்டியின் மூடிமேல் கைவைத்து, "இதை முடிக்காமப் போறேனே" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டீர்களாம். கண்ணாடிக் குழாய் கழுவும் அம்மா கேட்டுவிட்டு, வந்து எங்களிடம் சொல்லி அழுதார். அன்றே ரகசியமாய்த் தொடங்கினோம். தாங்கள் ஆய்வறைக்குள் வந்துவிடாதிருக்கத் தங்கள் மேலங்கி காணாமற்போனது எங்கள் வேலை. மாலை மணி அடித்ததுமே தங்கள் கணவர் வாசலில் விடாமல் ஹாரன் அடித்ததும் எங்கள் ஏற்பாடே. "என்னங்க இது, ஊரையே கூட்டறீங்க!" என்று அவரைக் கடிந்துகொண்டீர்கள். பாவம், அவரை மன்னித்துவிடுங்கள்.

அக்கா! இம்மடலைச் சுற்றிக் கொடியும் பூவும் வரையவில்லை, பார்த்தீர்களா? ஓரமெங்கும் ஓடும் எழுத்துகள், தங்கள் செல்லப்பிள்ளையின் தலைப்பகுதி. நொதி இம்முறை இறுதிவரை சென்றது. ஒவ்வோர் எழுத்தையும் மும்முறை வாசித்தோம். முதல் எழுத்தில் மட்டும் இரண்டு வாசிப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபட, மூன்றாவதோ மங்கிப்போயிற்று. அதை மீண்டும் இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறோம், திங்கட்கிழமைதான் தெரியும். விழா இன்றைக்கு! ஏதேனும் ஓர் எழுத்தைப் போட்டு, மடலைக் கண்ணாடிச் சட்டத்துள் அடைத்துவிட எங்களுக்கும் ஆசை வந்தது. அப்போது கணினியார்தான் சொன்னார்: "வேணாம். அக்கா விடமாட்டாங்க."

ஆகவே மேல்மூலையில் ஒரு கட்டம் வெறுமையாய் இருக்கிறது. சட்டத்தின் பின்பலகையை ஆணி அடிக்காமல் விடச் சொன்னோம். தச்சர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதோ பென்சிலும் கொடுத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை வந்து, விடையைத் தாங்களே பார்த்து, தங்கள் கையால் அந்த எழுத்தை எழுதுங்கள். அதன் பிறகும் நோயின்றி, நிறைவோடு, பேரப்பிள்ளைகள் சூழ நீடு வாழுங்கள்! தங்கள் மேலங்கி துவைத்து மடித்து, பழைய கொக்கியிலேயே மாட்டியிருக்கிறது.

தெரியாததைத் தெரியாது என்றெழுதத் தங்களிடம் கற்ற,
இலைநோய் ஆய்வுக்கூடத்தார்